சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு ஏன் புரிவதில்லை?

கேள்வி இது: மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்ப் பாடத்தைத் தடுமாறாமல் சத்தமாக வாசித்துவிடுகிறாள். ஆனால் "என்ன படிச்சே, சொல்லு" என்றால் முழிக்கிறாள். "கம்பி நீட்டினான்" என்று வந்தால் கம்பி எங்கே என்று கேட்கிறாள். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போய்விடுகிறாள். வாசித்து விடை எழுதும் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கித் தினமும் செய்ய வைத்தால் சரியாகிவிடுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரியாகாது. ஏன் என்பதற்கு இந்த இரண்டு வரிகளை வாசித்துப் பாருங்கள்:

பூரவன் நெமிலைத் தகுக்கினான். அதனால் செடுவை கெவுங்கியது.

இப்போது கேள்விகள். செடுவை ஏன் கெவுங்கியது? பூரவன் நெமிலைத் தகுக்கியதால். நெமிலைத் தகுக்கியவன் யார்? பூரவன். இரண்டுக்கும் முழு மதிப்பெண். ஆனால் இவை நான் இட்டுக்கட்டிய சொற்கள், எதற்கும் பொருள் கிடையாது. வேற்றுமை உருபும் வினை விகுதியும் "அதனால்" என்ற ஒரு சொல்லும் சேர்ந்து உங்களுக்கு விடையைக் கையில் கொடுத்துவிட்டன. பயிற்சிப் புத்தகங்களில் வரும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வரியைப் பார்த்து எழுதினால் போதும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். இந்த வித்தையைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள். மதிப்பெண் ஏறும், புரிதல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்னொன்று. கேள்வி கேட்பது சோதிப்பது. அதைச் சொல்லிக்கொடுப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். 1970களின் கடைசியில் டோலோரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நான்காம் வகுப்பறைகளில் போய் உட்கார்ந்து, வாசிப்புப் பாட நேரம் எப்படிச் செலவாகிறது என்று நிமிடக் கணக்கில் குறித்தார். எப்படிப் புரிந்துகொள்வது என்று உண்மையில் சொல்லிக்கொடுத்த நேரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கேள்வி கேட்பது, விடை சரியா என்று பார்ப்பது, பயிற்சித்தாள் கொடுப்பது என்றே நேரம் ஓடியிருந்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. வீட்டில் நாம் செய்வதும் பெரும்பாலும் அதுதான்: "படி. என்ன புரிஞ்சுது? ஒண்ணுமே புரியலையா? திரும்பப் படி."

திரும்பப் படித்தால் புரிந்துவிடாது. எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடித்து அந்த இடத்தில் கூட இருந்து உதவ வேண்டும். அறுவதற்கு நாலைந்து இடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலில் ஒரு எளிய சோதனை. அவளுக்குப் புரியாமல் போன அதே அளவு கடினமான, அவள் இதுவரை படிக்காத ஒரு பகுதியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவள் கேட்கட்டும், புத்தகத்தைப் பார்க்க வேண்டாம். பிறகு அவளுக்குத் தெரிந்த பேச்சுத் தமிழில் அதைச் சொல்லச் சொல்லுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் படித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்துக்கூட்டும் வேலையில் இருக்கிறது. வெளியே சரளமாகத் தெரிந்தாலும் உள்ளே கவனம் முழுவதும் எழுத்தை ஒலியாக்குவதிலேயே போய்விடுகிறது. அப்படியானால் எளிய பகுதிகளை நிறைய, திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பது உதவும். கேட்டாலும் புரியவில்லை என்றால் சிக்கல் மொழியில், அல்லது அந்த விஷயத்தைப் பற்றிய அறிவில்.

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986இல் இதை ஒரு வாய்ப்பாடாகவே எழுதினார்கள். வாசித்துப் புரிதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. தமிழில் முதல் திறன் பெரும்பாலும் சீக்கிரம் கைக்கு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தைப் போல எழுத்து ஒன்று ஒலி ஒன்று என்று பெரிய இழுபறி இல்லை. கசடதபறவின் ஒலி இடத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். 247 எழுத்துகளும் பிடிபட்டுவிட்டால் பொருளே தெரியாத பத்தியைக்கூடப் பிள்ளை கணீரென்று வாசித்துவிடும். அதனால்தான் தமிழில் இந்தச் சிக்கல் வெகுநாள் மறைந்தே இருக்கிறது. வாசிப்பதைக் கேட்டு நாம் ஏமாந்துவிடுகிறோம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகளுக்குச் சிக்கல் இரண்டாவது பக்கம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்ப்போம். பேச வசதியாக ஒரு சின்னப் பத்தி எழுதுகிறேன்:

குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு உறைந்து பனிக்கட்டியாகிவிடும். எனினும் அடியில் உள்ள மீன்கள் உயிரோடு இருக்கும். ஏனெனில் பனிக்கட்டி தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அது மிதக்கும். மிதக்கும் பனிக்கட்டி ஒரு போர்வைபோல் மேலே கிடந்து, கீழே உள்ள தண்ணீர் மேலும் குளிர்ந்துவிடாமல் காக்கிறது.

(முழு அறிவியல் இன்னும் கொஞ்சம் நீளம். தண்ணீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிடும். மூன்றாம் வகுப்புக்கு மேலே உள்ளது போதும்.)

ஐந்தே வரி. இதில் ஒரு எட்டு வயதுப் பிள்ளை எங்கெல்லாம் இடறலாம் பாருங்கள். "மேற்பரப்பு" என்பது மேல், பரப்பு என்று பிரியும் என்று தெரியாமல் இருக்கலாம். "எனினும்", "ஏனெனில்", "ஆகவே" மூன்றும் வீட்டில் யாரும் பேசாத சொற்கள். "அது மிதக்கும்" என்பதில் அது எது? மீனா, ஏரியா, பனிக்கட்டியா? "அடர்த்தி" தெரியாது. போர்வை என்றதும் குழந்தைக்குத் தூக்கம்தான் நினைவுக்கு வரும். இத்தனைக்கும் பிறகு, தண்ணீர் முழுவதும் உறைந்தால் மீன் ஏன் சாகும் என்பதைப் பத்தி சொல்லவே இல்லை. அது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதியவர் விட்டுவிட்டார். "புரியலை" என்று பிள்ளை சொல்லும் ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இதில் எது இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பெரும்பாலும் பிள்ளைக்கும் தெரியாது.

சொற்களை எடுத்துக்கொள்வோம். தெரியாத எல்லாச் சொற்களுக்கும் பொருள் எழுதிவைத்து மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் வேலை. இசபெல் பெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். அன்றாடப் பேச்சிலேயே வந்துவிடும் சொற்கள் முதல் அடுக்கு; அவற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பாடத்துக்கே உரிய கலைச்சொற்கள் மூன்றாவது, "ஒளிச்சேர்க்கை" மாதிரி. அவற்றை அந்தப் பாடம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பவைதான் முக்கியம். பேச்சில் அதிகம் வராது, ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் வரும்: தயங்கினான், அலட்சியம், ஒப்புக்கொண்டாள், தற்செயலாக, வியந்தார், ஏற்கெனவே, மாறாக. வாரத்துக்கு நாலைந்து சொல் போதும். ஆனால் அந்த நாலைந்தும் நன்றாகப் படிய வேண்டும்.

எப்படி? "தயங்கினான்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியைப் பார்த்தால் தயங்குதல் என்றால் மனம் ஊசலாடுதல் என்று போட்டிருக்கலாம். பிள்ளைக்கு ஒன்று தெரியாததற்குப் பதில் இப்போது இரண்டு தெரியாது. அதற்குப் பதில் பேச்சில் சொல்லுங்கள்: "செய்யலாமா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கிறது." பிறகு கேளுங்கள்: "புது இடத்துல யார்கிட்டயாவது பேசத் தயங்கினியா?" அப்புறம் எல்லைக் கோட்டைச் சோதியுங்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அது தயக்கமா? இல்லை, மறுப்பு. பயந்து ஓடினால்? அதுவும் இல்லை. நின்று யோசித்துவிட்டுக் கடைசியில் செய்துவிட்டால்? ஆமாம், அது தயக்கம்தான். அந்தச் சொல் எது இல்லை என்று தெரிந்தால்தான் எது என்பதும் தெளிவாகும். அந்த வாரத்தில் நீங்களே இரண்டு மூன்று முறை பேச்சில் அந்தச் சொல்லைப் போடுங்கள். கொஞ்சம் செயற்கையாக இருக்கும், பரவாயில்லை.

"சூழலைப் பார்த்துப் பொருளை ஊகித்துக்கொள்" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. "அரசன் அலட்சியமாகச் சிரித்தான்" என்ற வரியில் சூழலைப் பார்க்கும் பிள்ளை அலட்சியமாக என்றால் மகிழ்ச்சியாக என்றுதான் ஊகிக்கும். சிரிக்கிறானே! சூழல் சில நேரம் வழிகாட்டும், சில நேரம் தவறான பக்கம் கைநீட்டும். ஊகிக்கச் சொல்லுங்கள், ஊகித்தது சரியா என்றும் உடனே பார்த்துவிடுங்கள்.

சூழலைவிடத் தமிழில் நம்பகமான துணை சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது. தமிழ் ஒட்டுநிலை மொழி, அதாவது வேர்ச்சொல்லோடு உறுப்புகள் ஒட்டிக்கொண்டே போய்ப் புதுச் சொல்லாகும். பயனற்ற, எல்லையற்ற, உயிரற்ற என்று நாலு சொல்லைப் பக்கத்தில் வைத்தால் "அற்ற" என்றால் இல்லாத என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். அப்புறம் "வலுவற்ற" முதல்முறை வந்தாலும் பயமில்லை. இன்மை, தன்மை, உடைய, ஆளி இவையும் அப்படியே. "மேற்பரப்பு" வந்த அன்று மேல், பரப்பு என்று பிரித்துக் காட்டி, "கற்சிலை"யை அவளைப் பிரிக்கச் சொல்லுங்கள். புணர்ச்சி விதியின் பெயரெல்லாம் இப்போது வேண்டாம். பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்தால் போதும்.

அடுத்தது வாக்கியம். இதை யாரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு இதில்தான் அதிகக் குறை தெரிகிறது. இந்த வரியை உங்கள் மகளிடம் கொடுத்துப் பாருங்கள்:

மழையில் நனைந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்த பையனின் தங்கை அழுதாள்.

அழுதது யார்? நனைந்தது யார்? நிறையப் பிள்ளைகள் நாய்க்குட்டி அழுதது என்பார்கள், அல்லது பையன் என்பார்கள். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் எச்சங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். முடிவு வரும்வரை எல்லாவற்றையும் மனதில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே மூச்சில் கடகடவென்று வாசிக்கும் பிள்ளைக்கு அது முடியாது. வைத்தியம் எளிது. கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அழுதாள், சரி. "ஆள்" என்று முடிகிறதே, அப்படியென்றால் ஒரு பெண். யார்? தங்கை. யாருடைய தங்கை? பையனின். எந்தப் பையன்? நாய்க்குட்டியைத் தூக்கி வந்தவன். எந்த நாய்க்குட்டி? இதைத் தினம் ஒரு நீண்ட வாக்கியத்துக்குச் செய்தால் கொஞ்ச நாளில் கண் தானாகவே விகுதியைத் தேடும். எழுவாய் இல்லாமல் "வந்தார்கள்", "சொன்னான்" என்று வரும் இடங்களிலும் இதே விகுதிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். எந்த இடத்தில் மூச்சு விடுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். "நாய்க்குட்டியைத் தூக்கி வந்த" என்று நிறுத்தி வாசிப்பதும், "தூக்கி வந்த பையனின் தங்கை" என்று சேர்த்து வாசிப்பதும் ஒன்றல்ல.

இனி அணிகளுக்கு வருவோம். எட்டு வயதில் "கம்பி நீட்டினான்" என்றால் கம்பியைத் தேடுவது அறிவுக்குறைவு இல்லை. சொல்லை நம்புகிறாள், அவ்வளவுதான். இங்கே ஒரு வேறுபாட்டைப் பெரும்பாலான பாடங்கள் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன. உவமையை யோசித்துக் கண்டுபிடிக்கலாம். மரபுத்தொடரை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. கம்பியையும் நீட்டுவதையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் நழுவி ஓடிவிட்டான் என்ற பொருள் வராது. அதை ஒரு சொல்லைக் கற்பதுபோல முழுதாகத்தான் கற்க வேண்டும். கைகழுவினான், காது கொடுத்தாள், மூக்கை நுழைத்தார், தோள் கொடுத்தான் எல்லாம் அப்படி. பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய உத்தி ஒன்றே ஒன்று: நேர்ப்பொருள் கதைக்குப் பொருந்தவில்லை என்றால் நின்று கேள். கம்பி எங்கே என்று உங்கள் மகள் கேட்டாளே, அது சரியான கேள்வி. பொருந்தவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்காமல் தாண்டிப் போகிறவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

உவமைக்கு நம்மிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் உவமவியல் ஒப்புமை எதனால் வருகிறது என்று நான்காகப் பிரிக்கிறது: வினை, பயன், மெய், உரு. செய்யும் செயல், கிடைக்கும் பயன், வடிவம், நிறம் என்று பிள்ளைக்குச் சொல்லலாம். புலிபோலப் பாய்ந்தான் என்றால் பாய்ச்சல் ஒன்றுதான் பொது. அவனுக்கு வால் கிடையாது. பவளம் போன்ற உதடு என்றால் நிறம் மட்டும். மழை போன்ற கை என்றால் நிறமும் இல்லை, வடிவமும் இல்லை. மழை கைம்மாறு கேட்காமல் கொடுக்கிறது, அந்தக் கையும் கொடுக்கிறது, ஆகவே பயன். "எது மாதிரி?" என்று நாம் கேட்கிறோம், அதோடு விட்டுவிடுகிறோம். "எதுல மாதிரி? எதுல மாதிரி இல்ல?" என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்தால்தான் உவமை புரியும்.

ஏரிப் பத்தியில் இருந்த போர்வைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். பனிக்கட்டி எதில் போர்வை மாதிரி? நிறத்திலா? இல்லை. மென்மையிலா? இல்லவே இல்லை. மேலே மூடிக் கிடப்பதில் கொஞ்சம், பயனில் முழுவதும். இங்கே ஒரு சிக்கல் வரும். போர்வை சூடு கொடுக்கும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பனிக்கட்டி எப்படிச் சூடு கொடுக்கும் என்று கேட்டுவிட்டால் பெரியவர்களும் திணறுவார்கள். போர்வை சூடு கொடுப்பதில்லை, உடம்பின் சூடு வெளியே போகாமல் தடுக்கிறது. அது தெரிந்தவுடன் பனிக்கட்டியும் புரிந்துவிடும். உவமை புரியாததற்குக் காரணம் சில நேரம் உவமைக்கு எடுத்த பொருளைப் பற்றியே சரியாகத் தெரியாததுதான்.

உருவகம் என்பது "போல" என்ற அறிவிப்புப் பலகையைக் கழற்றிய உவமை என்று சொல்லி, கழற்றியதை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "அவன் கோபத்தீயில் விழுந்தேன்" வந்தால், தீ போன்ற கோபம் என்று மாற்றி, பிறகு அதே இரண்டு கேள்விகள். காற்று கதவைத் தட்டியது, நிலா எட்டிப் பார்த்தது போன்றவை பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். அவர்கள் பொம்மையோடு பேசுகிறவர்கள். பழமொழியை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பொருள் தெரிந்தால் போதாது, எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்றும் தெரிய வேண்டும். தேர்வில் அணியின் பெயரைக் கேட்பார்களே என்றால், கேட்கட்டும். பொருள் புரிந்த பிறகு பெயர் ஒட்டுவது அரை மணி நேர வேலை. பெயரை முதலில் ஒட்டினால் "போல வந்தால் உவமை அணி" என்று எழுதிவிட்டு, "மழை வரும்போலத் தெரிகிறது" என்பதைக்கூட உவமையாக்கிவிடுவார்கள்.

எழுத்தின் அமைப்பு என்பது கேட்கப் பெரிதாக இருக்கும், விஷயம் சின்னது. கதைக்கு ஒரு எலும்புக்கூடு உண்டு: யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடை, என்ன செய்தார், கடைசியில் என்ன ஆயிற்று. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஓரளவு உள்ளே இருக்கும். தகவல் எழுத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அதில் எலும்புக்கூடு ஒன்று இல்லை, பல. விவரிப்பது, வரிசையாகச் சொல்வது, காரணமும் விளைவும், சிக்கலும் தீர்வும், ஒப்பீடு என்று ஐந்தாகப் பிரிக்கும் வழக்கம் பானி மேயர் என்பவரின் ஆய்வுகளிலிருந்து பரவியது. ஐந்தையும் பட்டியலாகச் சொல்லித்தர வேண்டாம். ஒரு பத்தி படித்து முடித்ததும் "இவர் இதுல என்ன பண்றார்? வரிசையா சொல்றாரா, ஏன்னு சொல்றாரா, ரெண்டை ஒப்பிடுறாரா?" என்று கேட்டாலே போதும்.

அமைப்பைக் காட்டிக்கொடுப்பவை இணைப்புச் சொற்கள். இங்கேதான் தமிழில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. பிள்ளை பேசும்போது "ஆனா", "அதனால", "இருந்தாலும்" என்கிறது. புத்தகத்தில் எனினும், ஆயினும், ஏனெனில், எனவே, மாறாக, அதேவேளை என்று வருகின்றன. அவற்றைப் பிள்ளை ஒலியாகத் தாண்டிப் போய்விடுகிறது. தாண்டினால் வாக்கியங்களுக்கு நடுவில் இருந்த கட்டு அவிழ்ந்துபோகும். ஏரிப் பத்தியில் "எனினும்", "ஏனெனில்", "ஆகவே" மூன்றையும் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். துண்டு துண்டாக ஐந்து தகவல் கிடக்கும். ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பத்தியில் இணைப்புச் சொற்களை மட்டும் அழித்துவிட்டு அவளை நிரப்பச் சொல்லுங்கள். பேச்சுத் தமிழில் நிரப்பினாலும் சரிதான். பிறகு எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். "ஏனெனில்" இருக்க வேண்டிய இடத்தில் "ஆகவே" போட்டால் அர்த்தம் எப்படித் தலைகீழாகிறது என்று காட்டுங்கள்: "ஆகவே பனிக்கட்டி தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது" என்றால், மீன்கள் உயிரோடு இருப்பதால்தான் பனிக்கட்டி இலேசானது என்று ஆகிவிடும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தப் பத்தியை அம்புக்குறி போட்டு வரையவும் செய்யலாம். பனிக்கட்டி இலேசானது, அதனால் மிதக்கிறது, அதனால் மேலே மூடுகிறது, அதனால் கீழே அதிகம் குளிர்வதில்லை, அதனால் மீன் பிழைக்கிறது. பத்தியில் மீன் இரண்டாவது வரியில் வருகிறது, படத்தில் கடைசியில் வருகிறது. எழுதியவர் விளைவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் சொல்கிறார். படத்தைப் பார்த்து அவள் வாயால் சொல்லிவிட்டால் அந்தப் பத்தி அவளுக்குப் புரிந்துவிட்டது. தனியாகக் கேள்வி வேண்டியதில்லை.

கேட்டே ஆக வேண்டும் என்றால் கேள்வியின் ரகத்தை மாற்றுங்கள். விடை ஒரே வரியில் இருக்கும் கேள்வி ஒன்று போதும். இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்தால்தான் விடை வரும் என்பது ஒன்று. வரியில் பாதியும் தன் தலையில் பாதியும் என்று சேர்க்க வேண்டியது ஒன்று: "பனிக்கட்டி தண்ணீரைவிட அடர்த்தி அதிகமாக இருந்திருந்தால் மீன்களுக்கு என்ன ஆகியிருக்கும்?" இந்தக் கேள்விக்கான விடை பத்தியில் எந்த வரியிலும் இல்லை, ஆனால் பத்தி புரியாமல் சொல்லவும் முடியாது. பூரவன் வித்தை இங்கே பலிக்காது.

இன்னொரு பெரிய விஷயம் பின்னணி அறிவு. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், ஆனால் பேஸ்பால் தெரியாதவர்கள் இன்னொரு பக்கம். ஆட்டம் தெரிந்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வாசிப்புத் திறன் என்று நாம் தனியாக அளக்கும் ஒன்றில் எவ்வளவு பங்கு விஷய அறிவு என்பது இதில் தெரிகிறது. "மையக்கருத்தைக் கண்டுபிடி" என்ற பயிற்சியை எறும்பு பற்றிய பத்தியில் பத்து முறை செய்துவிட்டால் கப்பல் பற்றிய பத்தியில் அது தானாக வந்துவிடாது. அதனால் பயிற்சிப் புத்தகத்துக்கு வைத்திருக்கும் காசில் ஒரே பொருளைப் பற்றி இரண்டு மூன்று சின்னப் புத்தகம் வாங்குங்கள். மீன் என்றால் மீன், கோள்கள் என்றால் கோள்கள். இரண்டாவது புத்தகத்தில் அதே சொற்கள் திரும்ப வரும், முதல் புத்தகத்தின் அறிவும் துணைக்கு நிற்கும். அவளுக்கே தெரியாமல் கொஞ்சம் கடினமான எழுத்தையும் படித்துவிடுவாள்.

உத்திகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆன்மேரி பாலின்சரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட முறை இன்றும் நல்ல முறைதான். அடுத்து என்ன வரும் என்று கணிப்பது, கேள்வி எழுப்புவது, புரியாததைத் தெளிவுபடுத்திக்கொள்வது, சுருக்கிச் சொல்வது என்று நாலு வேலை. இதில் அழகு என்னவென்றால் ஆசிரியர் வேடத்தைப் பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் போடுவார்கள். ஒரு பத்திக்கு நீங்கள் ஆசிரியர், அடுத்ததற்கு அவள். அவள் ஆசிரியராகும்போது நீங்கள் வேண்டுமென்றே "எனக்கு 'அது' எதுன்னு புரியலையே, டீச்சர்" என்று மாட்டிக்கொள்ளுங்கள். இதை அளவோடு செய்தால் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி நிறுத்திச் செய்தால் எந்தக் கதையும் செத்துவிடும்.

அவளே வாசிக்கக் கற்றுவிட்டாள் என்பதற்காக நீங்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். நிறைய வீடுகளில் இரண்டாம் வகுப்போடு இது நின்றுவிடுகிறது. எழுத்துத் தமிழை யாரும் பேசுவதில்லை. பிள்ளை அதைக் காதால் கேட்பதற்கு யாராவது வாசித்தால்தான் உண்டு. "போய்க்கொண்டிருந்தபோது", "என்றபோதிலும்" எல்லாம் காதில் விழுந்து பழகினால்தான் கண்ணில் படும்போது புரியும். அவள் தானாக வாசிக்கக்கூடியதைவிட ஒரு படி மேலே இருப்பதை எடுத்து, இருபது நிமிடம் போல. வாசிக்கும்போது உங்கள் யோசனையைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "ம்ம், இங்க 'மாறாக'ன்னு வருது, அப்ப இதுக்கு நேர் எதிரா ஏதோ சொல்லப்போறார்." பெரியவர்கள் வாசிக்கும்போது தலைக்குள் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு வேறு எப்படித் தெரியும்?

எழுத்துக்கூட்டுவதே இன்னும் திணறலாக இருக்கிறது, எழுத்துகள் அடிக்கடி இடம் மாறுகின்றன, பேசுவதைப் பின்தொடர்வதும் கஷ்டமாக இருக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் போதாது. கண், காது இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, கற்றல் குறைபாடுகளைப் பார்க்கும் நிபுணரிடம் போங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இதையெல்லாம் தொடங்கிய சில வாரங்களில் அவள் வாசிப்பு மெதுவாகும். இதுவரை கணீரென்று போனவள் நடுவில் நிற்பாள், முந்தைய வரிக்குத் திரும்புவாள், "இரு, இது யாரு?" என்பாள். மோசமாகிவிட்டது என்று நினைத்து அவசரப்படுத்திவிடாதீர்கள். புரியாத இடம் அவளுக்கே தட்டுப்படத் தொடங்கிவிட்டது, அதனால்தான் நிற்கிறாள். வேகம் பிறகு தானாக வரும்.